கடைசிச் சக்கரம்

டீ தொடையில் கொட்டிச் சுட்ட பிறகுதான் இளையவன் கவனித்தான். அவன் கை டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒரே சீராக, தீயில் கண்ணாடிக் குழாயைச் சுற்றுகிற அதே சுற்று. சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறையில் அண்ணனின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நில் என்று கைக்குச் சொன்னான். அது கேட்கவில்லை. மெஷின் நின்றது, கையும் நின்றது.

அண்ணனுக்கு மூளை தலையில், தம்பிக்கு மூளை கையில் என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். இளையவன் செய்கிற சென்ட் குப்பிக்குக் கடைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. தையல் மெஷின் மோட்டார், சைக்கிள் செயின், உடைந்த கட்டிலின் இரும்பு என்று சேர்த்து ஒரு மெஷினைப் பூட்டினான். தம்பியின் மணிக்கட்டுகளில் பென்சிலைக் கட்டி வேலை செய்யச் சொன்னான். அடியில் ஓடிய காகிதத்தில் கையின் அசைவெல்லாம் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டின் மேடுபள்ளத்தை அப்படியே மரச் சக்கரங்களில் வெட்டினான். சக்கரம் சுற்றினால் இரும்புக் கைகள் தம்பியின் கைகளைப் போலவே ஏறி இறங்கின. சுற்ற ஒரு சக்கரம், குப்பியின் கழுத்தை இழுக்க ஒன்று, அரத்தால் கீற ஒன்று. கடைசியாக, ஒடிக்க.

ஒடிப்பதை மட்டும் இளையவன் பெருமையோடு சொல்லிக்கொடுத்திருந்தான். "பலமே வேணாம்ணே. கழுத்துல ஒரு கோடு. கொஞ்சம் சும்மா இருக்கணும். அப்புறம் டக்குனு. கண்ணாடிக்கே தெரியக் கூடாது."

"பிரமாதம்டா," என்றான் அண்ணன். சக்கரங்கள் தயாரானதும், இனிமேல் பட்டறைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

ஈரத் தொடையோடு இளையவன் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தபடியே செயினைக் கழற்றிவிட்டு ஒரு சக்கரத்தை விரலால் தள்ளினான். தம்பியின் மணிக்கட்டு திரும்பியது. பின்னால் தள்ளினான். மணிக்கட்டும் பின்னால் திரும்பியது. சிரிப்பு நின்றது. நூலில் வண்டைக் கட்டிய பையனின் முகம்போல அண்ணனின் முகம் ஆகிவிட்டது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான்.

"எரிச்சிடுண்ணே இதையெல்லாம்."

"எரிச்சா உன் கை என்ன ஆகும்னு யோசிச்சியாடா?"

இளையவன் யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தான்; இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"பயந்து சாகாத. சிலிண்டர்ல கேஸ் தீர்ந்துபோச்சு. இன்னைக்கு ஓட்ட மாட்டேன், போ."

இளையவனின் மனைவி வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நாள் முழுக்கக் குனிந்து சட்டைக்குக் காலர் தைப்பவள். அவன் நாற்காலிக்கு முன்னால் தரையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

"ஏங்க, கழுத்து புடிச்சுக்கிச்சு. கொஞ்சம் அமுக்கி விடுங்க."

"இப்ப வேணாம்மா."

"சும்மா இருக்குற கைக்கு எவ்வளவு பிகு பாரு!" அவளே அவன் கைகளை இழுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

கேஸ் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அமுக்கினான். தலையெண்ணெயும் வியர்வையும் புதுத்துணியும் கலந்த அவளுடைய வாசனை மேலே வந்தது, விரலடியில் நரம்பு ஒவ்வொன்றாக இளகியது, கைகள் அவன் சொன்னபடி கேட்டன. அவனுக்கு அழுகை வரும்போல் சந்தோஷமாக இருந்தது. அப்போது சுவருக்கு அப்பால், சிமென்ட் தரையில், கனமான எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

சாவி திருகும் சத்தம். காற்றுச் சீறல். குபுக்கென்று தீ.

புது சிலிண்டர்.

மோட்டார் முனகியது. கைகளை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. அவை அவள் தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்பின.

"ஆ... அப்படித்தான்."

"எழுந்திரு."

"நல்ல சாக்கு! இன்னும் கொஞ்ச நேரம்."

காலை ஊன்றி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். கைகள் அவளையும் சேர்த்து இழுத்து வந்தன. இரண்டாவது சக்கரம். கைகள் அவள் கழுத்தை மேல்நோக்கி இழுத்தன. எங்கோ நெட்டி முறிந்தது. அவள் சுகமாக முனகினாள்.

"என் கை என்கிட்ட இல்லடி!"

"வேலை போனா கையுமா போயிடும்? பேசாம இருங்க."

"அண்ணே! நிறுத்துண்ணே!"

தீயின் இரைச்சலுக்கு மேலே அண்ணனின் குரல் உற்சாகமாக வந்தது. "இருடா, இது ஒண்ணு முடிஞ்சிடட்டும்!"

"அவர்கூட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க? ஓட்டிட்டுப் போறார், விடுங்க," என்றாள்.

சுவருக்கு அப்பால் அரம் கிறீச்சிட்டது. அவனுடைய கட்டைவிரல் நகம் அவள் கழுத்தில் ஒரு கோடு இழுத்தது.

"ஸ்ஸ்... நகத்தை வெட்டுங்க."

பிறகு எல்லாம் நின்றது. கைகளும். இந்த இடைவெளி அவன் சொல்லிக்கொடுத்தது.

ஒரு உள்ளங்கை அவள் தாடைக்கு அடியில் போய் அமர்ந்தது. இன்னொன்று பின்னந்தலையில். பூப்போல. அவன் கண்ணீர் அவள் வகிட்டில் விழுந்தது.

"அழுறீங்களா?" அவள் குரல் கனிந்துவிட்டது. "அந்தச் சத்தம் கேட்டாலே உங்களுக்கு மனசு தாங்காது. எனக்குத் தெரியாதா? அது கிடக்குது விடுங்க. உங்க கை மாதிரி வருமா?"

அவனைத் தேற்றுவதற்காகக் கண்ணை மூடினாள். கழுத்தை முழுதாகத் தளர்த்தி, தலையின் பாரம் மொத்தத்தையும் அவன் கைகளில் சாய்த்துக் கொடுத்தாள்.

சுவருக்கு அப்பால் கடைசிச் சக்கரம் அசைந்தது.