அரியணைக்குச் சொன்ன விடை

சலவைக்கல் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் தண்ணீர் விழும் ஓசை மட்டும் நிற்கவில்லை.

சண்முகப்ரியா தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. துருக்கிச் சுல்தான்களின் அரண்மனையைப் போலவே டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவில் ஒருவர் கட்டி, வாடகைக்கு விட்டிருந்த விழா மண்டபம் அது. நாளை மறுநாள் இங்கே ஒரு வளைகாப்பு. அலங்காரம் அவள் பொறுப்பு. அமெரிக்கா வந்த நான்கு ஆண்டுகளில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. சாவியைக் கொடுத்துவிட்டு மேலாளர் போய்விட்டார். அளவெடுத்துக்கொண்டு, ஆறு மணிக்குள் டேகேரிலிருந்து மகள் ரக்ஷாவை அழைத்துப் போக வேண்டும்.

கைப்பேசியில் கணவன் இனியன் சிரித்தான். “என்ன மேடம், சுல்தான் உங்கள அந்தப்புரத்துல சேத்துட்டாரா?”

“நீங்க வேற. இங்க ஈ காக்கா இல்ல. தண்ணி சத்தம் மட்டும் வருது.”

“ஸ்பீக்கர் செட் பண்ணிருப்பான். சீக்கிரம் கிளம்பு, ஃப்ரீவேல டிராஃபிக். பாப்பா வெயிட் பண்ணுவா.”

உள்முற்றத்தின் தூண்களைக் கடந்து அரியணை அறைக்குள் நுழைந்தாள். நீலப் பூ ஓடுகள் பதித்த சுவர்கள், மரச்சல்லடைச் சன்னல்கள், கட்டில்போல் நான்கு கால்களும் விதானமும் கொண்ட அரியணை, அதன் பட்டு மெத்தையிலிருந்து எழுந்த, பன்னீரும் நனைந்த கம்பளியும் கலந்த வாடை. வாசலில் ஒரு விளக்கப் பலகை: மன்னர் பேசுவது வெளியே கேளாதிருக்கவே அசல் அரண்மனையில் அன்று ஊற்று ஓடியது, ஏவலர் இங்கே வாய் திறவார், கைச்சாடைதான், வருபவரின் இரு கைகளையும் காவலர் பற்றியே அழைத்து வருவர்.

அளந்து முடித்தாள். நாளெல்லாம் ஆளில்லாத வீட்டில் சுவரோடும் அடுப்போடும் பேசிப் பழகிய நாக்கு, வாசற்படியில் தானாக அசைந்தது.

“போயிட்டு வரேன்.”

நம்மவர் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை, அது அமங்கலம். ஆனால் காலி அறையில் வாக்குக் கொடுப்பவருக்கு, அதைக் கேட்டுக்கொண்டது யார் என்பது தெரியாது.

தண்ணீர் ஓசை நின்றது.

யாரோ முன்னால் சாய்ந்ததுபோல் மெத்தை மெல்ல அமுங்கியது. அவள் ஓடினாள். தூண்கள். முற்றம். மறுபடியும் தூண்கள். அதே அறை.

போனாள். வந்துவிட்டாள்.

இரு முழங்கைகளிலும் விரல்கள் பதிந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. கத்தினாள். வாய் மட்டும் திறந்தது. அவளைக் கேளாமலே அவள் கைகள் ஏதோ சாடை செய்யத் தொடங்கின.

சல்லடைக்கு அப்பால், கார்கள் நிற்கும் திடலில், மாலை வெயில். அவளுடைய மஞ்சள் சுடிதாரில், அவளுடைய பின்னலோடு, ஒருத்தி நடந்து போனாள். அவளுடைய காரைத் திறந்தாள். பின்னிருக்கையில் குழந்தை நாற்காலியின் வாரைச் சரிசெய்தாள், மிகப் பொறுமையாக, அத்தகைய ஒன்றை முதல்முறை தொடுபவளைப் போல. பிறகு குனிந்து, ரக்ஷாவின் தலை சாயும் இடத்தை நெடுநேரம் முகர்ந்தாள்.

மணி ஐந்து நாற்பது. கார் டேகேர் இருக்கும் பக்கமாகத் திரும்பியது.