தூக்கத்தில் முடிந்த அசுரன்

படுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். விழித்தபோது விரலிடுக்கில் மைதாப் பசை காய்ந்து இறுகியிருந்தது.

நைட் ஷிப்ட் முடித்து வந்து, ஜன்னலில் அட்டை அடைத்துப் பகலில் தூங்குகிறவன் கருணாகரன். புழுக்கமும் புளித்த பசை நாற்றமும் மண்டிய அறையில், தூரத்தில் தான் வேலை செய்யும் சுரங்கத்தில் மெஷின் உறுமுவதைக் கேட்டபடியே எழுந்து மேசையைப் பார்த்தான். எழுபத்தெட்டாம் வருஷப் பொங்கல் நாடகத்துக்காகக் காகிதக் கூழில் அவன் செய்துகொண்டிருந்த அசுரன் முகமூடி மாறியிருந்தது. போன வருஷத்து அசுரனைப் பார்த்து குவார்ட்டர்ஸ் பிளாக்கே சிரித்தது. இந்த முறையும் சிரித்தால், நாடகம் போடும் வேலுமணி அவனைக் கழற்றிவிடுவான். காலைவரை அசடு வழிந்த முகம், இப்போது புருவம் நெரிந்து, வாய் கிழிந்து, அவனையே முறைத்தது.

"எவன்டி வூட்டுக்குள்ள வந்து இதத் தொட்டது?" மனைவி விஜயகுமாரிமேல் பாய்ந்தான்.

"யாரும் வரலீங்க. நீங்கதான் தூங்கிக்கினே எழுந்து செஞ்சீங்க."

"எழுப்பறதுக்கென்ன?"

"போன மாசம் எழுப்பினதுக்குத்தான் அறைஞ்சீங்களே."

நைட் ஷிப்ட்காரனை எழுப்பக் கூடாது என்பது குவார்ட்டர்ஸ் வழக்கம். பிள்ளைகள்கூட அந்த வீட்டுப் பக்கம் கோலி ஆடாது. அந்த வழக்கத்தோடு இவன் கைநீட்டுவதையும் சேர்த்திருந்தான்.

பயந்தான். பயத்தைவிடப் பெருமை பெரிதாக இருந்தது. விழித்திருக்கையில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று நடுங்குகிற கை, தூக்கத்தில் யாருக்கும் அஞ்சவில்லை. சூப்பர்வைசர் முன்னால், வேலுமணி முன்னால், வாய் திறக்க முடியாமல் விழுங்கிய ஆத்திரமெல்லாம் உள்ளே அழுகாமல் கிடந்திருக்கிறது. கிடக்கட்டும், அதுவே செய்யட்டும் என்று நினைத்தான் பாவி.

மறுநாள் படுக்கும்போது சொன்னான்: "அசுரனுக்கு முடியும் பல்லுந்தான் பாக்கி. என்ன ஆனாலும் எழுப்பாத. சத்தம் வந்துது, தொலைச்சிடுவேன்."

"சரிங்க." அவள் குரல் நடுங்கியது அவன் காதில் ஏறவில்லை.

விழித்தான். இருட்டு. பசையோடு வேறொரு வாடை. துரு மாதிரி. கை பிசுபிசுத்தது. ஜன்னல் அட்டையைப் பிடுங்கினான்.

அசுரன் முடிந்திருந்தான்.

மேசைக்குக் கீழே தொங்கும் கறுத்த முடி. அதில் வாடாத கனகாம்பரம். வாய் நிறையப் பற்கள். சின்னப் பற்கள். வேர் சிவந்து. பக்கத்தில் குறடு.

மூலையில் விஜயகுமாரி. சுவரோடு சுவராக. தலையில் முடியில்லை. முந்தானையை வாயில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் ரத்தம்.

கண்கள் மட்டும் அவன்மேல் நிலைத்திருந்தன. இவன் விழித்துவிட்டானா, இன்னும் தூங்குகிறானா என்று தெரியாமல், மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தாள்.