மெலிக் பண்ணையில் கேட்ட குரைப்பு

சார்ஜன்ட் நோயல் ட்ராஸ்க் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன. வாரம் முழுவதும் வேலித் தகராறுகளைக் கேட்டே அவர் களைத்திருந்தார். நண்பகலில் ஐவி டன்னட் காவல் நிலையத்துக்குள் மூச்சிரைக்க வந்தாள்.

“பக்கத்துப் பண்ணை மெலிக் என் பிஸ்கட்டைச் சுடப்போறான் சார்ஜன்ட்! விடியக்காலையில அவனோட ஆடு ஒன்பது செத்துப்போச்சாம். பிஸ்கட்தான் கடிச்சுதுன்னு துப்பாக்கியை எடுத்துட்டான்.”

பிஸ்கட், ஐவி முறையான அனுமதியோடு குட்டியிலிருந்து வளர்த்த டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாய். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேறு துணை கிடையாது.

“கூண்டுலதானே இருந்துச்சு?”

“காலையில பாத்தா, மழைக்காத்துல கதவு திறந்து கிடந்துச்சு. பிஸ்கட் உள்ளதான் படுத்திருந்தான். ஆனா வெளிய போகவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

ட்ராஸ்க் பெருமூச்சோடு எழுந்தார். மூன்று வாரங்களுக்கு முன் மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் லியான் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தாள். ஐவியும் ஏறிக்கொண்டாள்.

பண்ணையில் செத்த செம்மறியாடுகள் சாக்குப்படுதாவின் கீழ் கிடந்தன. மெலிக்கின் மேய்ச்சல் நாய் டெஸ் அவருடைய வண்டிக்கடியில் படுத்திருந்தது. அதன் தட்டில் இறைச்சி அப்படியே இருந்தது.

“தொடவே இல்ல பாருங்க சார். வயசாயிடுச்சோ?” என்றாள் லியான்.

“ரெண்டு வயசுதான்,” என்றார் மெலிக். “நோயல், அந்தக் காட்டு மிருகத்தை நீ சுடறியா, நான் சுடட்டுமா?”

“கடிச்சதைப் பாத்தியா?”

“இருட்டு. காதால கேட்டேன். சரிவுல அஞ்சு நிமிஷம் நிறுத்தாம குரைச்சுது.”

ட்ராஸ்க் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “குரைச்சுதா? ஊளையிடலையா?”

“குரைப்பு எனக்குத் தெரியாதா?”

“டிங்கோ ஊளையிடும். மிரண்டா ஒண்ணு ரெண்டு தடவை வறட்டுக் குரல்ல குரைக்கும். அதோட சரி. இப்படி விடாம குரைக்கறது மனுஷனோட தலைமுறை தலைமுறையா வாழ்ந்த நாய்ங்க வளத்துக்கிட்ட பேச்சு. கோபத்துக்கு ஒரு குரல், விளையாட்டுக்கு ஒரு குரல்.”

“பிஸ்கட்டும் வீட்டுல வளந்ததுதானே சார்? கத்துக்கிட்டிருக்கலாமே?” என்றாள் லியான்.

“ஆறு வருஷமா தபால்காரரைப் பாத்தா ஒரே ஒரு ‘வுஃப்’,” என்றாள் ஐவி. “ஒரு குட்டியோட ஆயுசுல வராதும்மா அது.”

ட்ராஸ்க் மெலிக்கைப் பார்த்தார். “நீ கேட்ட குரைப்பு எப்படி இருந்துச்சு? கோபமா?”

“கோபமில்ல. குஷியா இருந்துச்சு. நான் வண்டிச் சாவியை எடுக்கறப்பல்லாம் குதிச்சுக் குதிச்சுக் குரைக்குமே, அது மாதிரி...”

மெலிக் பாதியில் நிறுத்தினார்.

“நேத்து டெஸ்ஸைக் கட்டினியா?”

“மழை பெய்யுதேன்னு அவுத்துவிட்டேன்.”

லியான் குனிந்து டெஸ்ஸின் வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பற்களுக்கிடையே சிவப்பேறிய கம்பளி மயிர் சிக்கியிருந்தது. அவள் முகத்தில் இருந்த உற்சாகம் வடிந்துபோனது.

“நான் பொய் சொல்லல, நோயல்.”

“தெரியும். கேட்டதைத்தான் சொன்ன. யார் குரல்னு உன் காதுக்கும் தெரிஞ்சிருக்கும். மனசுதான் விடல.”

ஐவி மெலிக்கின் தோளைத் தொட்டாள்.

மெலிக் கையில் துப்பாக்கியோடு ஓரடி எடுத்து வைத்தார். அவர் எங்கோ கிளம்புகிறார் என்று நினைத்த டெஸ், வண்டிக்கடியிலிருந்து பாய்ந்து வந்து வாலை ஆட்டிக் குரைத்தது. நிறுத்தாமல், மகிழ்ச்சியாக.

மெலிக் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை உருவினார். இரண்டையும் ட்ராஸ்க்கிடம் நீட்டினார்.

“கொண்டுபோயிடு. ஆடு கடிச்ச நாயைச் சுடணும்தான். ஆனா இன்னைக்கு இது என் வீட்டுல வேணாம்.”