பாதிப் பேரை வெட்டினார்

சட்ட அலமாரியில் இல்லை. அரசியல் அலமாரியிலும் இல்லை. ஊட்டி நூலகத்தில் வனிதா தேடிய பத்திரிகைச் சட்டப் புத்தகம், நூலகர் சுப்பண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னபடி, இதழியல் வரிசையில்தான் இருந்தது... ஒருத்தன் கையில்.

"ஏனுங்க, இது எனக்கும் வேணுமுங்க" என்றான் அவன்.

"வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு முத்திரை குத்தியிருக்கு. பக்கத்துல உக்காந்து நானும் படிச்சுக்கறேன்."

"உக்காருங்க. கடிக்க மாட்டீங்கல்ல?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து, அவள் அப்பா அம்மா கூலி வேலை பார்க்கும் எஸ்டேட்டில் சிரிப்பே செத்துப்போயிருந்தது. மழையில் நனைந்த இமைகளைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது... அவன் படித்த வரியை மறந்தே போனான். எருமை மாதிரி முழித்தான் என்பதுதான் உண்மை.

பெயர் கீர்த்திவாசன். கோயமுத்தூர்க்காரன், குன்னூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். அவன் அவ்வளவுதான் சொன்னான். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். எஸ்டேட் துரையை, அதாவது மேனேஜரைப் பற்றி வாரப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருந்தாள். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்காவிட்டால் அவதூறு வழக்கு. வழக்கு வந்தால் அப்பா முத்துவேலுக்கு வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

கீர்த்திவாசன் முகம் வெளுத்தது. அவள் கவனிக்கவில்லை.

"அப்படி என்னங்க எழுதுனீங்க?"

"'துரை லயத்துல பாதிப் பேரை வெட்டிட்டார்'னு. நடந்ததைத்தானே எழுதினேன்..."

"வெட்டுனாருங்களா? யாருங்க செத்தது?"

"யாரும் சாகல. எங்க ஆளுங்க இலங்கையிலேர்ந்து வந்தவங்க. ஒருநாள் வேலையை ஒரு பேருன்னுதான் சொல்லுவோம். கொழுந்து குறைஞ்சா அரைப்பேரு. நாள் பூரா நின்னும் கூலி இல்லேன்னா, பேரை வெட்டிட்டாங்கன்னுவோம். உங்க ஊர்ல வேற எப்படிச் சொல்லுவாங்க?"

கொலைப்பழி சுமத்தினாள் என்று ஆவேசமாக நோட்டீஸ் எழுதிய மகானுபாவன் அவனேதான்.

புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினான். "பொது நன்மைக்காக உண்மையைச் சொன்னா அவதூறு ஆகாதுன்னு இருக்குது பாருங்க. எழுதிக்குங்க." அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு, "அந்த நோட்டீஸை எழுதுனது நாந்தானுங்க..." என்றான்.

பேனா நின்றது.

"என் வாயைக் கிளறத்தான் இவ்வளவு நேரம் பேசுனீங்களா?"

அவன் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் எழுந்து போய்விட்டாள். இவனையா நல்லவன்னு நெனச்சேன்... மழையில் நடந்துகொண்டே அழுதாள். யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் சௌகரியம்.

தேயிலை விலை இன்னும் விழ, அடுத்த மாதமே எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில், திருப்பூர் போகும் பஸ்ஸில் மூட்டைகளோடு அப்பாவும் அம்மாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். படியருகே வனிதா நின்றாள். எங்கிருந்தோ ஓடிவந்தான் கீர்த்திவாசன், தெப்பமாக நனைந்து.

"நோட்டீஸைத் திரும்ப வாங்கிட்டாங்க."

"இனிமே வாங்கி என்ன? வீடே போயிடுச்சு."

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு வக்கீல்கிட்டச் சொன்னேனுங்க. துரை செஞ்சதும் தப்புன்னேன். இனி வேலைக்கு வர வேண்டாம்னுட்டார்." மூச்சு வாங்கினான். "எனக்கும் பேரை வெட்டிட்டாங்க..."

அந்தச் சொல் அவன் வாயில் கோணலாக வந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"மன்னிக்கச் சொல்லி வரலைங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லாம விட மனசு வரல..."

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். பஸ் உறுமியது.

"அப்பா பேரு, அம்மா பேரு, லயத்துல அத்தனை பேரும் போச்சு" என்றாள், அவனைப் பார்க்காமல். குரல் உடைந்தது. "உங்க பேரை மட்டும்... நான் வெட்டல."