மூன்று மடங்கு

திரையின் கறுப்பு ஓரத்தில் அழுக்கு ஒட்டியிருக்கிறது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். துணியால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பகல் என்று பேர்தான், அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஈரச்சுவரின் பூஞ்சை வாடையும் சூடேறிய கணினியின் வாடையும் கலந்து மூக்கை அடைத்தன. திரையில் இருந்தது அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுதிய விளையாட்டு. அந்தக் காலத்து வீட்டுக் கணினி என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளில், விளையாட்டைப் பதிந்துவைத்த பழைய கேசட்டிலிருந்து ஏற்றியிருந்தாள். அந்தக் கேசட்டைத் தொடக் கூடாதென்று காலையில்தான் கத்திவிட்டுக் கூடத்துக்குப் போயிருந்தான். கத்தியதனாலேயே தொட்டாள். அந்த வீட்டில் இப்போதெல்லாம் எல்லாமே அப்படித்தான் நடந்தது.

விளையாட்டில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு கதவு. அகலத் திரைக்கு இழுத்து நிரப்பியதில் படம் கலங்கித் தெரிந்தது. அதை நிறுத்திவிட்டு, புள்ளிகள் சிதையாதபடி சரியாக இரண்டு மடங்கு வைத்தாள். கட்டில் துல்லியமாயிற்று. ஓரத்து அழுக்கும் துல்லியமாயிற்று.

அழுக்கில்லை. முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்.

அந்த ரகக் கணினியில் படத்தைச் சுற்றி வரும் ஓரப்பட்டையில் ஒரே நிறத்தைப் பூசலாமே தவிர, படம் எதுவும் வரைய முடியாது. எமுலேட்டரில் ஏதோ கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டு மூன்று மடங்கு வைத்தாள்.

கட்டிலும் கதவும் பெரிய பெரிய சதுரங்களாக உடைந்து நின்றன. பெரிதாக்கினால் அப்படித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் மட்டும் உடையவில்லை. பின்னலில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. காதோரம் வியர்வை மினுங்கியது. இப்போது பாதி திரும்பியிருந்தாள்.

"இங்க கொஞ்சம் வாங்களேன்," என்றாள் கூடத்தைப் பார்த்து.

நாற்காலி நகரும் சத்தம். அவன் வரவில்லை.

"எத்தனை மடங்கு பெருசாக்கின?"

அவள் இன்னும் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

"மூணு."

கூடத்திலிருந்தே அவன் சொன்னான்.

"நான் ரூமை மட்டும்தான் வரைஞ்சேன். சின்னதாக்கு. அது மூஞ்சியப் பாக்காத."

சின்னதாக்கினாள். அறை சுருங்கியது. தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. பெண் சுருங்கவில்லை. முழுக்கத் திரும்பியிருந்தாள். கன்னத்துப் பூனைமயிர்கூடத் தெரிந்தது. கண்களில் அப்படியொரு வெறுப்பு.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கறுப்பு. இப்போது திரை முழுக்கவே ஓரம்தான்.

எழுந்து வாசல் பக்கம் திரும்பினாள். கணவன் வந்து நின்றிருந்தான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புச் சதுரங்கள். கண்களுக்கு இரண்டு கறுப்புச் சதுரங்கள். வாய்ச் சதுரம் திறந்தது. மூடியது. சத்தமில்லை.

தன் கையைப் பார்த்தாள். விரல்களின் விளிம்பு படிக்கட்டாக உடைந்திருந்தது.

பின்கழுத்தில் ஒரு கை படிந்தது. அதன் விரல்ரேகைகளை அவளால் ஒவ்வொன்றாக உணர முடிந்தது.