பெரிய ஃபியூஸ் போடு

டெலிபோன் அலறியது.

டாஷ்போர்டுக்கு அடியில் தலையும், கதவுக்கு வெளியே கால்களுமாகக் கிடந்த வேலாயுதம் எழுந்து போய் எடுத்தான். பிரிக்பீல்ட்ஸ் பின்சந்தில் கார் ரேடியோ மாட்டுகிற ஒற்றை ஆள் கடை அவனுடையது. வருடம் 1991.

"பாலசுந்தரம் பேசறேன். என் கார் ரெடியா?"

"இல்ல சார். ரேடியோவைப் போட்டா ஃபியூஸ் போகுதுன்னீங்க. எங்கேயோ வயர் பாடியில தொடுது. தேடிக்கிட்டிருக்கேன்."

"தேடாத லா. பெரிய ஃபியூஸ் போட்டு முடிச்சிடு. நாலு மணிக்கு மிஸஸ் வந்து எடுத்துக்குவா."

"பெரிய ஃபியூஸ் போட்டா ஃபியூஸ் எரியாது சார். கார் எரியும்."

"சொன்னதைச் செய் பாஸ்."

லைன் கட்.

வேலாயுதத்துக்கு எரிச்சலாக வந்தது. எல்லாக் கஸ்டமரும் இதையேதான் சொல்கிறார்கள். பத்து ஆம்பியர் போனால் முப்பது போடு... அதுவும் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்று... கார் கரிக்கட்டையானதும் வயர்க்காரனைத் திட்டு!

அவன் பெரிய ஃபியூஸ் போடவில்லை.

டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபையரின் வயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தான். ஷார்ட் அப்படியே இருந்தது. ஆக, கோளாறு ஆம்ப்ளிஃபையரில் இல்லை. வயர் வருகிற வழியில் இருக்கிறது.

கார்ப்பெட்டைத் தூக்கினான். ஒரு மெல்லிய நீல வயர் ஓடியது. ரேடியோவைப் போட்டதும் ஆம்ப்ளிஃபையரை எழுப்பிவிடுகிற வயர். போன வருடம் அவனே இழுத்தது.

அதன் நடுவே...

யாரோ தோலை உரித்து இன்னொரு சிவப்பு வயரை முறுக்கியிருந்தார்கள்!

இது அவன் கைவேலை இல்லை. ஈயம் வைக்காமல் அவன் எந்த இணைப்பையும் விடமாட்டான். இதிலோ காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

சிவப்பு வயர் டிரைவர் சீட்டுக்கு அடியில் போனது. சீட் முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தண்டில் உரசி உரசித் தோல் போயிருந்தது. ஃபியூஸ் போனது அதனால்தான். சரி, இந்த வயர் எங்கேதான் முடிகிறது?

கையை விட்டுத் துழாவினான்.

விரலில் தகரம் பட்டது.

மெல்ல இழுத்தான். பால்மாவு டின். மூடியைச் சுற்றி மெழுகு. சிவப்பு வயர் அந்த மூடிக்குள் போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனான்.

பெட்ரோல்!

ரேடியோவைத் திருகினால் தீ... ஓட்டுகிறவரின் காலடியில்! நாலு மணிக்கு ஓட்டப்போவது யார்? அந்த மிஸஸ். பெரிய ஃபியூஸ் போடச் சொன்னது யார்? அவள் புருஷன்.

பாவி மனுஷன்.

கடிகாரம் மூன்று ஐம்பத்தைந்து காட்டியது. போலீசுக்குப் போன் செய்ய எழப்போனான்...

"வேலாயுதம்?"

வாசலில் சிவமலர் நின்றாள். பாலசுந்தரத்தின் மனைவி. கையில் குடை, தோளில் பரீட்சைத் தாள் பிதுங்கும் பை. செகண்டரி ஸ்கூலில் சயன்ஸ் டீச்சர்.

"டீச்சர்... பயப்படாதீங்க." சொன்னவனுக்குத்தான் பற்கள் தந்தியடித்தன.

"என்னாச்சு?"

"உங்க வீட்டுக்காரர் உங்களைக் கொல்லப் பாக்கறாரு."

சிவமலர் கத்தவில்லை. சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தபடி சீட்டில் அமர்ந்தாள்.

"காட்டுங்க."

டிரைவர் பக்கம் குந்தியிருந்த வேலாயுதம், வயரோடு டின்னைத் தூக்கி மடியில் வைத்துக் காட்டினான்.

"இந்த வயர் சீட் தண்டுல உரசித் தோல் போயிடுச்சு டீச்சர். அதான் ஃபியூஸ் போச்சு. இல்லேன்னா ரேடியோ போட்ட அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்."

சிவமலர் குனிந்து தண்டைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"ஆமா... சீட் நகரும்னு நான் யோசிக்கல."

வேலாயுதத்துக்கு முதலில் புரியவில்லை.

புரிந்தபோது அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களா?"

"நான் ஓட்டறப்ப ரேடியோ போடறதே இல்ல. அவருக்குத்தான் பாட்டு இல்லாம கியர் விழாது. செந்தூல்ல அவருக்கு இன்னொரு வீடு இருக்கு, ரெண்டு பிள்ளைங்க. அங்க போறப்பவும் பாட்டோடதான் போவாரு."

"அப்ப அந்தப் பெரிய ஃபியூஸ்..."

"நான் சொல்லிக் கொடுத்தது. அவர் நம்பிட்டாரு. நீங்களும் பேசாம போட்டிருக்கலாம்."

அவள் வலது கை காரிலேயே தொங்கிய சாவியைத் திருப்பியது. இடது கை ரேடியோவை நோக்கி நீண்டது.

வேலாயுதம் எழ முயன்றான். அதற்குள் அவள் விரல் ரேடியோவின் குமிழில் இருந்தது.

"வேணாம் டீச்சர். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கு ஆறு வயசுல பொண்ணு இருக்கா."

"சொல்லுவீங்க வேலாயுதம். எதையும் அரைகுறையா விடற ஆள் இல்ல நீங்க."

'முருகா...'

கண்களை இறுக மூடிக்கொண்டான்.

க்ளிக்.

...

க்ளிக். க்ளிக்.

ஒன்றும் ஆகவில்லை!

"ஏன்... ஏன் வேலை செய்யல?" டீச்சரின் குரல் முதல்முறையாக நடுங்கியது.

வேலாயுதத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுவது அவன் வழக்கம். இன்று காலையும் கழற்றியிருந்தான். பயத்தில் அவனுக்கே மறந்து போயிருந்தது.

தன் சட்டைப்பையிலிருந்த கட்டரை உருவி, சிவப்பு வயரை நறுக்கினான். டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்துக்கு ஓடினான்.

"போலீஸ்..! யாராவது போலீசைக் கூப்பிடுங்க..!"

சிவமலர் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு, அதே சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தரை மணிக்கு இன்ஸ்பெக்டர் ராதாகிருஷ்ணன் அவளை ஏற்றிக்கொண்டு போனார். பாலசுந்தரம் டாக்சியில் வந்து இறங்கி, முழுக்கதையையும் கேட்டு, அங்கிருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"காரே வேணாம் லா. நாளையிலேருந்து மினி பஸ்ல போய்க்கிறேன்."

தண்ணீர் டம்ளரை நீட்டினான் வேலாயுதம்.

"மினி பஸ்லயும் பாட்டுப் போடுவான் சார். ஏறும்போது சீட்டுக்கு அடியில ஒருதடவை பாத்துக்குங்க."