பந்தல்காரி திருத்திய கட்டங்கள்

காமிக்ஸின் முதல் அத்தியாயத்தில் பேய் பந்தல்காரியின் வாய் மூடியிருந்தது. எட்வின் அப்படி வரையவே இல்லை. காதுவரை கிழிந்த வாயும் அதிலிருந்து வழிகிற பச்சை விஷமுமாகத்தான் மூன்று வருடத்துக்கு முன் அவளை இணையத்தில் இறக்கிவிட்டான். அந்த வாய்தான் அவனுக்குச் சோறு போட்டது. இப்போது அதே கட்டத்தில் அவள் களைத்துப்போன கூலிக்காரியாக, உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

எவனோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்றுதான் நினைத்தான். அவனுக்கு வேண்டாதவர்களுக்கா பஞ்சம்? ஓடைப்பட்டியில் தன் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்திலேயே வேலை பார்த்துச் செத்த ஜெபராணியின் முகத்தை அச்சு அசலாக எடுத்து, கள்ளத்தொடர்பு அம்பலமானதும் பூச்சிமருந்தைக் குடித்துப் பேயாகிப் பிள்ளைகளைத் தின்கிறவள் என்று வாரம் ஒரு அத்தியாயம் போட்டவன் அவன். அவளுடைய அக்கா சகாயராணி நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள். ஸ்டேஷனில் மனு கொடுத்தாள். காமிக்ஸ் வெளியிட்ட தளம் அவனைத் தூக்கியெறிந்தது. அடித்தது யோகம்! தடை செய்த கதை என்றதும் ஆயிரக்கணக்கில் தேடி வந்து படித்தார்கள். சொந்தத் தளம் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் ஓட்டிவிட்டான். "அது வெறும் கதை" என்று பேட்டிக்குப் பேட்டி சிரித்துக்கொண்டே சொன்னான், கொழுப்பெடுத்தவன்.

இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தான். அதில் கள்ளக்காதலன் இல்லை. உச்சிவெயில், திராட்சைப் பந்தல், அதனடியில் காய் பெருப்பதற்காகப் பிஞ்சுக் கொத்துகளை ஒவ்வொன்றாக டம்ளர் மருந்தில் முக்கியெடுக்கிற ஜெபராணி. மூன்றாவதில் பூச்சிமருந்து அடிக்கிற மோட்டார். நான்காவதில் அதன் சுவிட்சில் ஒரு கை. அவனுடைய கை.

மோட்டாரைப் போடுமுன் "மருந்து, மருந்து" என்று மூன்று தடவை கூவ வேண்டும். உள்ளே இருக்கிற பெண்கள் வெளியே வந்துவிடுவார்கள். அந்தத் தோட்டத்து வழக்கம் அது. அன்றைக்கு அவன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மோட்டாரைப் போட்டான். கூவவில்லை. புகைமாதிரி மருந்து இறங்கிய பந்தலுக்குள் அவள் சுருண்டு கிடந்ததை, அடித்து முடித்த பிறகுதான் பார்த்தான். அவளாகக் குடித்தாள் என்று ஊரை நம்பவைத்தவனும் அவன்தான். அந்தப் பொய் நிலைக்கத்தானே இத்தனை படமும்! பார்த்த சாட்சி ஒருவர்கூட இல்லை. பிறகு இதை வரைந்தது யார்?

வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. சகாயராணி.

"தம்பி, ஒம் படத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் வந்துருச்சே."

"அக்கா, அது நான் போடல. எவனோ..."

"மூணு வருசமா எந்தங்கச்சிய நடத்த கெட்டவன்னு பேசுனாக. கோயில்ல பக்கத்துல உக்கார யோசிச்சாக. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிரு. வேற ஒண்ணும் வேணாம்."

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினான்.

"அது வெறும் கதக்கா."

"சரி. இனி நீயாச்சு, அவளாச்சு" என்று வைத்துவிட்டாள்.

அந்த நிமிடமே தோட்டத்து வீட்டில் கரண்ட் போனது. வைஃபையும் போயிற்று. எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும், உடனே. பம்புசெட்டுப் பக்கம் போனால்தான் போனில் டவர் எடுக்கும். அதற்கு வழி பந்தலுக்குள்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியபோதும் பந்தலுக்குள் பச்சை இருட்டு அடர்ந்திருந்தது, பழுத்து உதிர்ந்த திராட்சையின் புளித்த வாடைக்கு அடியிலிருந்து மருந்து நெடி மெல்ல எழும்பி அவன் தொண்டையைக் கமறவைத்தது, சருகு மிதிபடும் சத்தம் அவன் நின்ற பிறகும் நிற்காமல் நாலா பக்கமும் கேட்டபடி இருந்தது. அடுத்த வரிசையில் ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். இன்று வேலைக்கு யாரும் வரவில்லையே.

"யாரு அங்கன?"

அவள் திரும்பினாள். காதுவரை கிழிந்த வாய்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அதே முகம். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. ஐந்தாம் அத்தியாயத்தில் பல் நீட்டியவள். நாற்பதில் விரல்களை வேராக்கியவள். எழுபதில், அவசரத்தில், ஒரு கண் போடாமலே விட்டவள். கட்டத்துக்கு ஒருத்தி. அவன் வரைந்த அத்தனை பேரும்.

ஐயோ.

ஓடத் திரும்பினான். பின்னாலும் நின்றார்கள். கூச்சல் இல்லை. கூலி வாங்க நிற்பவர்கள்போல ஒழுங்காக, வரிசையாக. ஆளுக்கொரு டம்ளர். விளிம்பு தளும்ப மருந்து.

"ஜெபராணிக்கா... ஆமா. நாந்தான். நாந்தான்க்கா!"

எவளும் தலையசைக்கவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். முதல் டம்ளர் அதற்காகத்தான் காத்திருந்தது. எவர்சில்வர் விளிம்பு பல்லில் இடித்தது.

வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.